சிங்கம், புலி, வெள்ளீயம்: ஸ்ரீரங்கப்பட்டணம் பதக்கத்தின் கதை

ஒரு சிங்கம் ஒரு புலியைக் கீழே தள்ளி அமுக்கிக்கொண்டிருக்கிறது. இப்படி ஒரு படம் பொறித்த பழைய பதக்கத்தைப் பார்த்ததும், "ஓ, இது திப்பு சுல்தான் சமாச்சாரம்!" என்று நீங்கள் கண்டுபிடித்துவிட்டால் சபாஷ். புலி திப்பு. சிங்கம் பிரிட்டன். பதக்கத்தின் பெயர் ஸ்ரீரங்கப்பட்டணம் பதக்கம். 1799 மே 4 அன்று திப்புவின் தலைநகரம் விழுந்ததைக் கொண்டாட, கிழக்கிந்தியக் கம்பெனி அடித்துக் கொடுத்தது.

நாம் பள்ளிக்கூடத்தில் நான்காம் மைசூர்ப் போரைப் படித்திருக்கிறோம். வருஷம், தளபதி பெயர், யார் ஜெயித்தார்கள், அவ்வளவுதான். ஒரு மதிப்பெண் கேள்விக்கு அது போதும். ஆனால் அந்தப் போரில் போய் நின்று சண்டை போட்டவர்களில் பெரும்பாலோர் நம்மூர்ச் சிப்பாய்கள். அவர்களைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் ஒரு வரி கிடைப்பதே கஷ்டம். அந்த ஒரு வரிக்குப் பதிலாக இந்தப் பதக்கத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போமே என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் போர்

கவர்னர் ஜெனரல் ரிச்சர்ட் வெல்லெஸ்லி 1798-இல் இந்தியாவுக்கு வந்தார். ஐரோப்பாவில் பிரிட்டனுக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் போர். திப்புவோ பிரெஞ்சுக்காரர்களோடு தொடர்பு வைத்திருந்தார். கம்பெனிக்கு அந்தக் காரணம் போதுமானதாக இருந்தது.

1799 பிப்ரவரியில் ஜெனரல் ஜார்ஜ் ஹாரிஸ் தலைமையில் சென்னை மாகாணப் படை வேலூரிலிருந்து கிளம்பியது. ஹைதராபாத் நிஜாமின் படை அதோடு சேர்ந்துகொண்டது. மேற்கே மலபார் பக்கத்திலிருந்து பம்பாய்ப் படை ஏறி வந்தது. எல்லாம் சேர்த்துச் சுமார் 50,000 பேர். இதில் வெள்ளைக்கார சிப்பாய்கள் சில ஆயிரம் பேர்தான். மற்றவர்கள் எல்லாரும் இந்தியர்கள். பீரங்கியையும் அரிசியையும் இழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள். நடந்து போகும் ஒரு நகரம் என்றே சொல்லலாம்.

ஸ்ரீரங்கப்பட்டணம் காவிரிக்கு நடுவில் இருக்கும் தீவு. மழை தொடங்கி ஆறு பெருகிவிட்டால் கோட்டையை நெருங்க முடியாது. அதனால் அவசரம். கோட்டைச் சுவரில் பீரங்கியால் உடைப்பு உண்டாக்கி, மே 4 அன்று பகல் ஒரு மணி வாக்கில், ஆற்றில் தண்ணீர் குறைவாக இருந்த இடத்தில் இறங்கிப் பாய்ந்தார்கள். முன்னால் போனவர் டேவிட் பெயர்ட். இவருக்கு இது பழைய கணக்கு. 1780-இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கம்பெனிப் படையை நொறுக்கியபோது பிடிபட்டு, 1784 வரை இதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சிறையில் கிடந்தவர் அவர்.

அன்று சாயங்காலம், கோட்டை வாசல் ஒன்றின் அருகே குவிந்து கிடந்த பிணங்களுக்கு நடுவே திப்புவின் உடலைக் கண்டெடுத்தார்கள்.

பதக்கத்தில் என்ன இருக்கிறது?

இப்போது பதக்கத்துக்கு வருவோம். வட்ட வடிவம், குறுக்களவு 48 மில்லிமீட்டர்.

ஒரு பக்கம் கோட்டைத் தாக்குதல். சிப்பாய்கள் உடைப்பை நோக்கி ஓடுகிறார்கள். வானத்தில் சூரியன் உச்சியில் நிற்கிறது. தாக்குதல் நடந்தது நடுப்பகலில் என்று காட்டத்தான் அது. கீழே பாரசீக எழுத்தில் ஒரு வாசகம்: ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டை இறைவன் தந்த கொடை என்ற பொருளில், தேதியோடு.

மறுபக்கம்தான் நாம் முதலில் பார்த்த சிங்கமும் புலியும். மேலே பறக்கும் கொடியில் அரபியில் எழுதியிருக்கிறது: 'அசதுல்லாஹில் காலிப்'. இறைவனின் சிங்கமே வெல்லும் என்று அர்த்தம்.

இங்கேதான் வேடிக்கை! இந்த வாசகம் திப்புவுடையது. அவருடைய ஆயுதங்களிலும் கொடிகளிலும் இதே எழுத்துகளைப் புலி முகம்போல வளைத்து எழுதி வைத்திருந்தார்கள். 'இறைவன் தந்தது' என்பதும் அவர் பயன்படுத்திய சொல்தான். தன் அரசுக்கு அவர் 'குதாதாத் சர்க்கார்', அதாவது இறைவன் தந்த அரசு என்றே பெயர் வைத்திருந்தார். தோற்றவனின் கோட்டை போயிற்று, கஜானா போயிற்று. கடைசியில் அவன் பேசிய வார்த்தையைக்கூட எடுத்து, அவனுக்கு எதிராகவே பதக்கத்தில் அடித்துவிட்டார்கள்.

திப்புவின் அரண்மனையில் ஒரு மரப்புலி பொம்மை இருந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு வெள்ளைக்காரனைப் புலி கீழே தள்ளிக் கடிக்கும். கைப்பிடியைச் சுற்றினால் புலி உறுமும், அவன் அலறுவான். அதையும் லண்டனுக்கு எடுத்துப் போனார்கள். 1808-இல் அது கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் மக்கள் பார்வைக்கு வந்தது. இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் பொம்மையில் புலி மேலே, மனிதன் கீழே. பதக்கத்தில் சிங்கம் மேலே, புலி கீழே. பொம்மைக்குப் பதில் சொன்னதுபோலவே இருக்கிறது இல்லையா?

எங்கே அடித்தார்கள்?

இங்கிலாந்தில், பர்மிங்ஹாம் நகரத்தை ஒட்டிய சோஹோ என்ற இடத்தில். ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரம் என்று படித்திருப்போம். வாட்டுக்குப் பணம் போட்டுத் தொழில் நடத்திய கூட்டாளி மேத்யூ போல்ட்டன். அவர் அந்த நீராவி சக்தியை வைத்தே ஒரு தங்கசாலை நடத்தினார். பதக்கத்தை வடிவமைத்தவர் அங்கே வேலை பார்த்த கான்ராட் ஹைன்ரிக் குக்லர் என்ற ஜெர்மானியர்.

சென்னை மாகாணத்தில் புழங்கிய கம்பெனிச் செப்புக்காசுகள் பலவும் இதே சோஹோவிலிருந்து கப்பலேறி வந்தவைதான். பத்து காசு, இருபது காசு நாணயங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரத்திலேயே மூழ்கிப்போனது. நம்மூர்ச் சந்தையில் கத்தரிக்காய் வாங்க வேண்டிய காசு கடலுக்கடியில் கிடந்தது! சிப்பாய் கையில் எண்ணி வாங்கிய காசும், சிப்பாய்க்குக் கிடைத்த பதக்கமும் ஒரே பட்டறைச் சரக்கு என்பதைச் சொல்லத்தான் இது.

ஐந்து உலோகங்கள்

இனிமேல்தான் முக்கியமான விஷயம். படம் ஒன்றுதான், வாசகம் ஒன்றுதான். ஆனால் பதக்கம் ஐந்து வகை உலோகங்களில் அடிக்கப்பட்டது.

தங்கம் - 113
தங்க முலாம் பூசிய வெள்ளி - 185
வெள்ளி - 3,636
வெண்கலம் - 5,000
வெள்ளீயம் - 45,000

மொத்தம் ஏறத்தாழ 54,000. இதில் சோஹோவில் அடித்ததும் உண்டு, கல்கத்தாவில் அடித்ததும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

சோஹோவில் அடித்தவற்றைப் பதவியைப் பார்த்துப் பிரித்துக் கொடுத்தார்கள். பெரிய தளபதிகளுக்கும் பிரமுகர்களுக்கும் தங்கம். மேஜர், கர்னல் போன்றவர்களுக்கு முலாம் பூசியது. கேப்டனுக்கும் அவருக்குக் கீழே உள்ள அதிகாரிகளுக்கும் வெள்ளி. ஹவில்தார், சார்ஜென்ட் தரத்தில் இருந்தவர்களுக்கு வெண்கலம். சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம்.

வெள்ளீயம் என்றால் நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவார்களே, அதேதான். மெத்தென்ற உலோகம், சீக்கிரம் தேயும். அடித்த புதிதில் வெள்ளிபோலவே பளபளக்கும். கொஞ்ச நாளில் மங்கிவிடும்.

ஆறு பதக்கத்தில் ஐந்து வெள்ளீயம் என்பதைக் கவனியுங்கள். காவிரியில் இறங்கியவன், சுவர் ஏறியவன், பீரங்கிக்கு முன்னால் நின்றவன் எல்லாம் இந்தக் கடைசி வரிசையில்தான் வருகிறான். உலோகப் பட்டியல் என்று பார்த்தால் வெறும் எண்கள். படையின் பட்டியல் என்று பார்த்தால் உண்மையில் சண்டை போட்டது யார் என்று அந்த எண்களே சொல்லிவிடுகின்றன.

பணத்திலும் இதே கதைதான். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கிடைத்த கொள்ளைப் பொருளை ஏலம் போட்டு 'பரிசுப் பணம்' என்று பங்கு பிரித்தார்கள். ஜெனரல் ஹாரிஸுக்குப் போனது மட்டும் 1,40,000 பவுண்டுக்கு மேல். கவர்னர் ஜெனரலின் தம்பி ஆர்தர் வெல்லெஸ்லி, அப்போது கர்னல், அவருக்குச் சுமார் 4,000 பவுண்டு. சாதாரணச் சிப்பாய்க்கு விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய சில பவுண்டுகள்.

வெள்ளைக்காரனுக்கு வெள்ளி, கறுப்பனுக்கு ஈயமா?

இப்படித்தான் உடனே நினைக்கத் தோன்றும். ஆனால் விஷயம் அவ்வளவு நேராக இல்லை. வெள்ளைக்கார சிப்பாய்க்கும் வெள்ளீயம்தான். ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஏழைப் பையனும் ஆற்காட்டிலிருந்து வந்த ஏழைப் பையனும் இந்த ஒரு விஷயத்தில் சமம்.

இன்னொரு ஆச்சரியமும் உண்டு. வங்காள மாகாணத்திலிருந்தும் சில ஆயிரம் சிப்பாய்கள் இந்தப் போருக்கு வந்திருந்தார்கள். அவர்களுக்கான பதக்கங்களை 1808-இல் கல்கத்தா தங்கசாலையில் தனியாக அடித்தார்கள். அளவு கொஞ்சம் சிறியது, 45 மில்லிமீட்டர். அங்கே அடித்தது தங்கம் 83, வெள்ளி 2,786. வெண்கலமும் இல்லை, வெள்ளீயமும் இல்லை!

அதாவது, மேலே கொடுத்த பட்டியலில் உள்ள தங்கத்திலும் வெள்ளியிலும் பெரும்பகுதி கல்கத்தா சரக்கு. சோஹோவில் அடித்த தங்கம் வெறும் 30, வெள்ளி 850. ஆக, ஒரே கோட்டை, ஒரே நாள், ஒரே சம்பளக்காரன். வங்காளச் சிப்பாய்க்கு வெள்ளி, சென்னைச் சிப்பாய்க்கு ஈயம்.

ஏன் இப்படி? வங்காளப் படையில் 1780-களிலிருந்தே ஒரு வழக்கம் இருந்தது. தக்காணப் போருக்கும் மூன்றாம் மைசூர்ப் போருக்கும் அங்கே இந்தியர்களுக்கென்றே பதக்கம் அடித்தார்கள். சுபேதார் போன்றவர்களுக்குத் தங்கம், சிப்பாய்க்கு வெள்ளி. வங்காளத்தில் அந்தப் பழக்கத்தை மாற்றவில்லை. சென்னைச் சிப்பாய்க்கு வந்ததோ லண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர்கள் சோஹோவில் அடிக்கச் சொன்ன பதக்கம். அதில் பதவிதான் கணக்கு. பகைவனின் சுவர் ஏறும்போது எல்லாரும் ஒரே படை. பரிசு என்று வரும்போது எந்த மாகாணம், எந்தப் பதவி என்று கேள்வி வந்துவிடுகிறது.

பதக்கம் வருவதற்குள் என்ன நடந்தது?

போர் முடிந்தது 1799. பதக்கம் வினியோகிக்கப்பட்டது 1808. ஒன்பது வருஷம்! இந்த ஒன்பது வருஷத்தில் தமிழ்நாட்டில் என்னவெல்லாம் நடந்தது என்று வரிசையாக எழுதிப் பாருங்கள்.

1799 அக்டோபர்: கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார்.
1801: ஆற்காட்டு நவாபின் ஆட்சி கம்பெனி கைக்குப் போனது. அதே வருஷம் அக்டோபரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள்.
1805: திப்புவுக்குத் துணை நின்ற தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டார்.
1806 ஜூலை 10: வேலூர்.

வேலூரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். திப்புவின் மகன்களைக் குடும்பத்தோடு வேலூர்க் கோட்டையில்தான் வைத்திருந்தார்கள். காவலுக்கு இருந்தவர்கள் சென்னைப் படைச் சிப்பாய்கள். நெற்றியில் சமயக்குறி கூடாது, தாடி கூடாது, தோல் வைத்த புதுத் தலைப்பாகை போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. மறுத்தவர்களுக்குச் சவுக்கடி. ஜூலை 10 விடிவதற்கு முன் சிப்பாய்கள் எழுந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளைக்கார வீரர்கள் கொல்லப்பட்டார்கள். கோட்டையில் மைசூரின் புலிக்கொடி ஏறியது. காலையில் ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்தார். அதன் பிறகு செத்த சிப்பாய்கள் சில நூறு பேர். பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டவர்களும் உண்டு. கலகத்தில் ஈடுபட்ட பட்டாளங்கள் கலைக்கப்பட்டன. கவர்னர் பென்டிங்கையும் தளபதி கிராடாக்கையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. இருநூறாவது ஆண்டில், 2006-இல், இந்திய அரசு இதற்காகத் தபால்தலை வெளியிட்டது.

இப்போது யோசித்துப் பாருங்கள். 1799-இல் படை கிளம்பியதே வேலூரிலிருந்து. ஏழு வருஷம் கழித்து, அதே சென்னைப் படையின் சிப்பாய்கள் அதே வேலூரில் புலிக்கொடியை ஏற்றுகிறார்கள். அதற்கும் இரண்டு வருஷம் கழித்து, அந்தப் படைக்குப் பதக்கம் வருகிறது. என்ன படம்? சிங்கத்தின் காலடியில் புலி!

பதக்கத்தின் அச்சு வெட்டப்பட்ட காலத்தில் அந்தப் படத்துக்கு ஒரே அர்த்தம்தான்: நாம் ஜெயித்தோம். 1808-இல் ஒரு சென்னைச் சிப்பாய் அதைக் கையில் வாங்கியபோது அதே படம் வேறு ஏதோ சொல்லியிருக்கும். எழுந்தால் இப்படித்தான் படுக்க வேண்டியிருக்கும் என்று. இது என் ஊகம்தான். ஆனால் வேலூரில் செத்தவர்களுக்கும் உயிரோடு இருந்து பதக்கம் வாங்கியவர்களுக்கும் நடுவில் ஒரு கோடு போட முடியாது. எல்லாரும் ஒரே படையின் பிள்ளைகள்.

பெயர் இல்லாத விளிம்பு

1815-இல் வாட்டர்லூ போர். நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் பிரபு வேறு யாருமில்லை, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கர்னலாக இருந்த அதே ஆர்தர் வெல்லெஸ்லிதான். எல்லா வீரர்களுக்கும் பதக்கம் தர வேண்டும் என்று அவர் யோசனை சொன்னார். அப்படிப் பிறந்த வாட்டர்லூ பதக்கத்தில் இரண்டு புதுமைகள். ஒன்று, தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே வெள்ளி. இரண்டு, பதக்கத்தின் விளிம்பில் அதைப் பெற்றவனின் பெயரும் படைப்பிரிவும் இயந்திரத்தால் பொறிக்கப்பட்டன.

ஸ்ரீரங்கப்பட்டணம் பதக்கத்தின் விளிம்பு வெறுமை. மாட்டிக்கொள்ள வளையம்கூட வைக்கவில்லை. வசதி இருந்தவர்கள் தட்டானிடம் கொடுத்து வளையம் வைத்துக்கொண்டார்கள், சிலர் பெயரும் வெட்டிக்கொண்டார்கள். வெள்ளீயம் வாங்கியவனுக்கு அதற்கு ஏது வழி? அதனால்தான் இன்று ஒரு வாட்டர்லூ பதக்கம் கிடைத்தால் விளிம்பைப் பார்த்து ஒரு மனிதனைத் தேடிப் போக முடிகிறது. ஒரு வெள்ளீயப் பதக்கம் கிடைத்தால் அது முத்துசாமியுடையதா, ஷேக் இமாமுடையதா, ஜானுடையதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பிறகு நிலைமை மாறியது. 1842-இல் முடிந்த முதல் சீனப் போருக்குச் சென்னைப் படைச் சிப்பாய்களும் போனார்கள். அதற்கான பதக்கம் அவர்களுக்கும் வெள்ளியிலேயே கிடைத்தது. ஆக, ஈயம் ஒழிந்தது. ஆனால் உலோகத்தால் ஆளைப் பிரிக்கும் பழக்கம் ஒழியவில்லை. 1885-இல் தொடங்கிய பர்மா போரிலிருந்து, படையோடு போன சமையல்காரர், சுமைதூக்கி போன்றவர்களுக்கு வெண்கலப் பதக்கம் கொடுக்க ஆரம்பித்தார்கள். 1904 திபெத் படையெடுப்பிலும் அப்படியே. சிப்பாய்க்கு வெள்ளி, மூட்டை சுமந்தவனுக்கு வெண்கலம். முதல் உலகப்போர்ப் பதக்கத்தில்கூட இந்திய, சீன, மால்டா தொழிலாளர் படைகளுக்கென்று வெண்கலம் தனியாக உண்டு.

கடைசியாக...

இந்தச் சிப்பாய்களை நாம் என்னவென்று சொல்வது? கம்பெனிக்காகச் சண்டை போட்டார்கள், அதனால் துரோகிகள் என்று சிலர் சொல்வார்கள். வேலூரில் எழுந்தார்கள், அதனால் தியாகிகள் என்று அதே ஆட்கள் சொல்வார்கள். இரண்டும் ஒரே படை என்பதை மறந்துவிட்டுச் சொல்வது இது. மாதச் சம்பளம், வீட்டுக்கு அனுப்பக் கொஞ்சம் பணம், உடம்புக்கு ஒரு மரியாதை. இதற்காகப் படையில் சேர்ந்தவன் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உயிரைப் பணயம் வைத்தான். அந்த மரியாதையில் கைவைத்தபோது வேலூரில் துப்பாக்கியைத் திருப்பினான். இரண்டு இடத்திலும் அவன் பெயரை யாரும் விரிவாக எழுதி வைக்கவில்லை.

கம்பெனி இந்தப் பதக்கத்தைத் தன் பெருமைக்காகத்தான் அடித்தது. ஆனால் தன்னையறியாமல் ஒரு கணக்கையும் அதில் எழுதி வைத்துவிட்டது: தங்கம் 113, வெள்ளீயம் 45,000. யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் படத்தைப் பாருங்கள். யாரால் ஜெயித்தார்கள் என்று கேட்டால் எண்ணிக்கையைப் பாருங்கள்.

எப்போதாவது ஏதாவது அருங்காட்சியகத்தில் இந்தப் பதக்கம் உங்கள் கண்ணில் பட்டால், தங்கப் பதக்கத்துக்கு முன்னால்தான் கூட்டம் நிற்கும். ஓரத்தில் மங்கிப்போய் ஈயத்தில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வாருங்கள்.